கண்ணில் ஸ்டீராய்டு ஊசி: பார்வை தெளிந்த பிறகு செய்ய வேண்டியவை

சர்க்கரை நோயால் விழித்திரையில் நீர் கோத்துப் பார்வை மங்கி, "கண்ணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடணும்" என்று டாக்டர் சொன்னால் வீட்டில் இரண்டு பயம் சேர்ந்து வரும். கண்ணிலேயே ஊசியா என்பது ஒன்று. ஸ்டீராய்டு ஆச்சே என்பது இன்னொன்று. வலது கண்ணில் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டுமே தேவைக்கு மேல் பெரிதாகிவிட்ட பயங்கள். கவனம் எல்லாம் வைக்க வேண்டிய நேரம் அதற்கப்புறம் வருகிறது. ஊசி வேலை செய்து, எழுத்து தெளிவாகி, இனி ஆஸ்பத்திரிக்கு எதற்கு என்று தோன்றும் ஆறாவது, எட்டாவது வாரம். இதை எழுதுவதே அந்த வாரங்களுக்காகத்தான்.

சாத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். சுகர் வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளைகளின் கிராஃப் நோட்டைத் திருத்தும்போதுதான் முதலில் தெரிந்தது. இடது கண்ணில் தூசி விழுந்து அதை மூடிக்கொண்டபோது, வலது கண்ணுக்கு நோட்டின் கட்டங்கள் நடுவில் நெளிந்து தெரிந்தன. ஓரத்தில் நேராக வந்த கோடு நடுவில் உள்வாங்கி, மறுபடி நேராகப் போனது. ஒரு பையன் வரைந்த நேர்கோடு எனக்கு வளைவாகத் தெரிந்தது. இரண்டு கண்ணையும் திறந்தால் எதுவுமே இல்லை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இந்த நோயின் பெரிய ஆபத்தே இதுதான். நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். வலி இருக்காது, கண் சிவக்காது. எங்கள் ஊரில் பார்வை மங்கினால் முதலில் போவது கண்ணாடிக் கடைக்கு. பவர் மாற்றிப் புதுக் கண்ணாடி போட்டு, இன்னும் சில மாதம் ஓட்டிவிடுவார்கள். விழித்திரையில் நீர் கோத்திருந்தால் எந்தக் கண்ணாடியும் அதைச் சரிசெய்யாது. சுகர் உள்ளவர்கள் வீட்டில் ஒரு கிராஃப் தாளைக் கதவில் ஒட்டி வைத்து, வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். நடுவில் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியையே பார்க்க வேண்டும். படிக்கும் கண்ணாடி போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே பார்க்கலாம். சுற்றியுள்ள கட்டம் நெளிந்தாலோ எங்காவது மறைந்தாலோ ரெட்டினா (விழித்திரை) டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் ஓசிடி ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணைத் தொடாமல், ஒளியை வைத்தே விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஸ்கேன் அது. டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். விழித்திரையின் நடுப்பகுதிக்கு மாக்குலா என்று பெயர். எழுத்துப் படிப்பது, முகம் பார்ப்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்தால்தான். நல்ல கண்ணில் அதன் மையம் லேசாகக் குழிந்து இருக்கும். என் இடது கண்ணின் படத்தில் அந்தக் குழி அழகாகத் தெரிந்தது. வலது கண்ணில் குழி இருக்க வேண்டிய இடத்தில் மேடு. மேட்டுக்குள் கறுப்பாகச் சில பொந்துகள். "அந்தக் கறுப்பு எல்லாம் தண்ணிம்மா" என்றார். மையத்தில் 250 மைக்ரான் அளவில் இருக்க வேண்டிய தடிமன் எனக்கு 480 இருந்தது.

பல வருடச் சர்க்கரையில் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் பலவீனமாகிறது. மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறுவது மாதிரி அதிலிருந்து நீர் கசிந்து மாக்குலாவில் தேங்குகிறது. கசிவுக்கு இரண்டு பக்கத்திலிருந்து தூண்டுதல் உண்டு. ரத்தம் சரியாகப் போகாத விழித்திரை சுரக்கும் விஈஜிஎஃப் என்ற புரதம் ஒன்று, உள்ளே நடக்கும் அழற்சி மற்றொன்று. பெரும்பாலானவர்களுக்கு முதலில் போடுவது விஈஜிஎஃபைத் தடுக்கும் ஊசி. பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் என்று பெயர்கள் காதில் விழும். இவற்றில் பெவாசிசுமாப் முதலில் புற்றுநோய்க்காக வந்த மருந்து, கண்ணுக்குப் போடும்போது செலவு குறைவு. எனக்கும் அதில்தான் தொடங்கினார்கள், மாதம் ஒரு ஊசி. தடிமன் கொஞ்சம் இறங்கி, அப்புறம் 400-க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் ஸ்டீராய்டுப் பேச்சு வந்தது. அழற்சியின் பங்கு அதிகமுள்ள கண்களில், குறிப்பாக நாள்பட்ட நீர்க்கோர்வையில், ஸ்டீராய்டு நன்றாக வேலை செய்யும். அண்மையில் பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், கர்ப்பிணிகள், கண்ணுக்குள் உள்ள ஜெல்லை ஏற்கெனவே ஆபரேஷனில் எடுத்துவிட்டவர்கள், மாதாமாதம் வர முடியாதவர்கள் ஆகியோருக்கு டாக்டர்கள் இதை முன்னாடியே யோசிப்பதும் உண்டு.

ஸ்டீராய்டிலும் ஒரே வகை இல்லை. டிரையாம்சினோலோன் என்பது வெள்ளையாகக் கலங்கிய திரவம். நெடுங்காலமாகக் கண்ணில் போட்டுவருகிறார்கள், விலையும் குறைவு. போட்டவர்களுக்குச் சில நாள் கண்முன் துகள்கள் மிதப்பதாகத் தெரியும். எனக்குப் போட்டது டெக்ஸாமெத்தசோன் இம்ப்ளான்ட், ஓசர்டெக்ஸ் என்ற பெயரில் வருவது. ஆறு மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத குச்சி. அதில் 0.7 மில்லிகிராம் மருந்து. தானே கரையும் தையல் நூலில் பயன்படுகிற வகைப் பொருளில் மருந்து கலந்திருப்பதால் மாதக்கணக்கில் கரைந்துகொண்டே இருக்கும், எடுப்பதற்கென்று இன்னொரு ஆபரேஷன் கிடையாது. அமெரிக்காவில் சர்க்கரை நோய் நீர்க்கோர்வைக்கு இதற்கு 2014-ல் அனுமதி கொடுத்தார்கள். மூன்று வருடம் வரை மருந்து கசியும் ஃப்ளூவோசினோலோன் குச்சியும் உண்டு. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை.

தேதி குறிப்பதற்கு முன்னால் டாக்டர் என்னிடம் கேட்ட கேள்விகளை எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். "கண்புரை ஆபரேஷன் ஆச்சா? அந்த டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கா?" முதலில் கேட்டது இதுதான். சொந்த லென்ஸ் உள்ள கண்ணில் ஸ்டீராய்டு போட்டால் புரை சீக்கிரம் வளரும். இந்தக் குச்சியை வைத்து நடந்த மூன்று வருடப் பெரிய ஆய்வில், லென்ஸ் மாற்றாதவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குப் புரை சார்ந்த பாதிப்பு வந்தது. எனக்கு வலது கண்ணில் ஏற்கெனவே லென்ஸ் வைத்தாகிவிட்டதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் சீட்டைக் கேட்டதற்கு வேறு காரணமும் இருந்தது. புரை ஆபரேஷனில் லென்ஸுக்குப் பின்னால் உள்ள மெல்லிய உறை கிழிந்திருந்தால், குச்சி அந்த வழியாகக் கண்ணின் முன்பக்கம் நழுவி வந்து கருவிழியை வீங்க வைத்துவிடக்கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு இதைப் போட மாட்டார்கள். என் சீட்டு பீரோவில் ரேஷன் கார்டோடு கிடந்ததால் தப்பித்தேன். புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்த கேள்வி, குடும்பத்தில் யாருக்காவது கண் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா உண்டா? என் அப்பாவுக்கு உண்டு என்றேன். எழுதிக்கொண்டார். கிளாக்கோமா முற்றிய கண்ணில் இந்த ஊசி கூடாது. கண்ணில் கிருமித் தொற்று இருந்தாலும் கூடாது.

வீட்டில் எழுந்த கேள்வி வேறு. "ஸ்டீராய்டு போட்டா சுகர் எகிறுமே" என்று என் வீட்டுக்காரருக்கு ஒரே கவலை. வீசிங்குக்காக ஒருமுறை ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டபோது எனக்கு 300-ஐத் தாண்டியதை அவர் பார்த்திருக்கிறார். டாக்டரிடமே கேட்டுவிட்டார். மாத்திரையாக விழுங்குவது உடம்பு முழுக்கப் போகிறது. இது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு, மாதக்கணக்கில் கண்ணுக்குள்ளேயே கரைவதால் ரத்தத்துக்குப் போவது சொற்பம் என்று டாக்டர் விளக்கினார். ஊசிக்கு அப்புறம் வீட்டு மெஷினில் பார்த்துக்கொண்டே இருந்தேன், சுகரில் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

ஊசி அன்றைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டாம். சொட்டு மருந்தில் மரக்க வைத்துத்தான் போடுகிறார்கள், பெரும்பாலான இடங்களில் பட்டினி தேவையில்லை. டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் மதியமாகிவிடும். சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் காத்திருந்தால் லோ சுகர் ஆகி மயங்கி விழ வேண்டியதுதான், எனக்கு முன்னால் வரிசையில் இருந்த ஒரு பெரியவருக்கு அப்படி வியர்த்துக் கொட்டியது. பிஸ்கட்டும் இரண்டு மிட்டாயும் பையில் இருக்கட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

உள்ளே படுக்க வைத்து, மரக்கும் சொட்டு விட்டு, இமையைச் சுற்றியும் கண்ணுக்குள்ளும் பழுப்பு நிற அயோடின் மருந்து விட்டார்கள். கிருமி போகாமல் ஊசி போட முடியாது, அதனால் அதில் தாராளம். இமைகளை ஒரு சின்ன கிளிப் பிடித்துக்கொள்கிறது, கண்ணை மூடிவிடுவோமோ என்ற கவலை வேண்டாம். "மேல பாருங்க" என்றார். ஊசி கருவிழியில் இறங்குவதில்லை. அதன் ஓரத்திலிருந்து மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் தள்ளி வெள்ளை விழியில் இறங்குகிறது. எனக்கு ஊசி வருவதே தெரியவில்லை. ஓர் அழுத்தம், அப்புறம் "டக்" என்று ஒரு சத்தம். குச்சியைத் தள்ளிவிடும் கருவியின் சத்தம் அது. மாதாமாத ஊசியைவிட இதன் முனை தடிமன், அதனால் அழுத்தம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. முழுவதும் சில நிமிடம்தான்.

அன்று சாயந்திரம் கண் உறுத்தியதற்குக் காரணம் பெரும்பாலும் அயோடின்தான். மறுநாள் வெள்ளை விழியில் ரத்தத் திட்டு இருந்தது, பார்த்தவர்கள் பதறினார்கள், தானாகவே மறைந்துவிட்டது. பார்வையில் ஒரு மெல்லிய கோடு அசைந்து அசைந்து போனது, அது குச்சியேதான். இவற்றுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். சில நாள் தலைக்குக் குளிக்காமல், கண்ணைக் கசக்காமல், குழாய்த் தண்ணீர் கண்ணில் படாமல் இருந்தால் போதும். ஆனால் முதல் வாரத்தில் வலி நாளுக்கு நாள் கூடினாலோ, கண் முழுக்கச் சிவந்து வெளிச்சம் பட்டாலே கூசினாலோ, தெளிந்து வந்த பார்வை திரும்ப மங்கினாலோ, அன்றைக்கே போய்விட வேண்டும், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும். கண்ணுக்குள் கிருமித் தொற்று அபூர்வம்தான், பல ஆயிரம் ஊசியில் ஒன்று என்கிற அளவு. வந்துவிட்டால் சில மணி நேரத்திலேயே பார்வையைக் கெடுத்துவிடும். கிளம்பும்போதே ராத்திரியில் கூப்பிடும் நம்பரைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது அந்த ஆறாவது வாரத்துக்கு வருகிறேன். எனக்கு இரண்டாவது வாரத்திலேயே கிராஃப் தாளின் கட்டங்கள் நேராகத் தொடங்கின. ஒரு மாதத்தில் நோட்டுத் திருத்துவதற்கு வலது கண் மட்டுமே போதும் என்ற நிலை. அரையாண்டுத் தேர்வு நேரம், லீவு கேட்கவே சங்கடம். "நல்லாத்தானே தெரியுது, லீவு விட்ட பிறகு போகலாம்" என்று வீட்டில் எல்லோருமே சொன்னார்கள். டாக்டர் சீட்டில் தேதி போட்டு, அதற்குக் கீழே கோடும் போட்டிருந்ததால் கிளம்பிப் போனேன். ஓசிடியில் 290 என்று வந்தது, மேடு வற்றிக் குழி திரும்பியிருந்தது. அதே கண்ணில் அழுத்தம் 28.

கண் அழுத்தம் சாதாரணமாக 10-லிருந்து 21-க்குள் இருக்க வேண்டும். எனக்கு ஊசிக்கு முன் 15. ஸ்டீராய்டு, கண்ணுக்குள் ஊறும் திரவம் வெளியேறும் வடிகாலை அடைப்பதால் அழுத்தம் ஏறுகிறது. எல்லோருக்கும் ஏறுவதில்லை, ஆனால் நான் சொன்ன அதே ஆய்வில் பத்தில் நான்கு பேருக்கு அழுத்தம் குறைக்கும் சொட்டு தேவைப்பட்டது. இந்தக் குச்சியில் ஏறினால் பெரும்பாலும் இரண்டு மாத அளவில்தான் உச்சத்துக்குப் போகும். மருந்தும் அப்போதுதான் நன்றாக வேலை செய்யும், பார்வையும் அப்போதுதான் மிகத் தெளிவாக இருக்கும். 28 இருந்தபோது எனக்குத் தலைவலி இல்லை, கண்வலி இல்லை, பார்வையில் எந்தக் குறையும் இல்லை. கருவி வைத்துப் பார்த்தால் ஒழிய தெரிய வழியே கிடையாது. கவனிக்காமல் விட்ட அழுத்தம் பார்வை நரம்பை அரித்துவிடும், நரம்பில் போனது திரும்பாது. விழித்திரையில் நீர் வற்றியும் பார்வை இழந்தவர்கள் இப்படித்தான் இழக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்குப் பதறுகிறது. அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால் நானும் தெரியாமலே இருந்திருப்பேன்.

நல்ல செய்தி, சொட்டு மருந்திலேயே பெரும்பாலானவர்களுக்கு இது அடங்கிவிடும். குச்சி கரையக் கரைய அழுத்தமும் இறங்கும். ஆபரேஷன் வரை போவது மிகமிகக் குறைவு. ஆனால் எந்தச் சொட்டு என்பதில் கவனம் வேண்டும். வழக்கமாக எழுதுவது டிமோலால். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுத்திணறலைக் கொண்டுவரும், இதயத்துடிப்பு மெதுவாக உள்ளவர்களுக்கும் ஆகாது. கண்ணில் விடுகிற சொட்டுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து யாரும் சொல்வதில்லை. மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலக்கும் என்பதால்தான் சம்பந்தம். நான் வீசிங் உண்டு என்றதும் டார்சோலமைடு எழுதினார், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்டுக்கொண்டார். இரண்டு சொட்டு எழுதியிருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து கண்ணிலேயே தங்கும்.

அழுத்தம் பார்ப்பதற்காக மட்டும் ஒவ்வொரு முறையும் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை என்பதையும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நடுவில் ஒருமுறை பக்கத்து ஊர்க் கண் டாக்டரிடம் பார்த்து, எண்ணை எழுதி வாங்கிப் போனில் அனுப்பினேன், அதுவே போதும் என்றார். கண் விரியச் சொட்டு விட்டு ஓசிடி பார்க்கும் நாளுக்கு மட்டும் துணைக்கு ஆள் வேண்டும், மாட்டுத்தாவணி வெயிலில் அந்தக் கண்ணோடு பஸ் போர்டைக்கூடப் படிக்க முடியாது.

நான்காவது மாதத்தில் கட்டங்கள் மறுபடி லேசாக நெளிந்தன. ஓசிடியில் 370. இதை ஊசி தோற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்தின் பலன் மூன்று, நான்கு மாதத்தில் குறையத் தொடங்கும், அதற்கப்புறம் பலருக்கும் திரும்பப் போட வேண்டியிருக்கும். எங்கள் தெருவில் ஒரு அக்கா, "ஒரு ஊசியோட சரியாயிடுமா டீச்சர்?" என்று கேட்டார். ஆகாது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், இரண்டாவது தடவை மங்கும்போது மனம் உடைந்து வைத்தியத்தையே விட்டுவிட மாட்டார்கள். அதனால்தான் ஆகாது என்றே அவரிடம் சொன்னேன்.

கசிவின் வேர் சர்க்கரையிலும் பிபியிலும் இருக்கிறது. ஊசி ஆரம்பித்தபோது என் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எண்) 9.4. இப்போது 7.3. கண் டாக்டர், பொது டாக்டர் இருவரும் சொன்னது, அவசரமாக இறக்க வேண்டாம், படிப்படியாக இறக்கலாம் என்று. சுகரைத் திடீரென்று இறக்கினால் விழித்திரை பாதிப்பு தற்காலிகமாகக் கூடும் வாய்ப்பு உண்டு. சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கண் டாக்டரிடம் காட்டுங்கள். பையோகிளிட்டசோன் என்ற சுகர் மாத்திரை உடம்பில் நீரைத் தேக்கும் குணமுள்ளது, சிலருக்கு மாக்குலா நீர்க்கோர்வையையும் கூட்டும். என் சீட்டில் அது இருந்தது. பொது டாக்டர் மாற்றிக் கொடுத்தார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-லிருந்து சுகர், பிபி மாத்திரை வீடு தேடி வருகிறது, என் அத்தைக்கு அது பெரிய உதவி. ஆனால் மாத்திரை வாசலுக்கு வருகிறதே என்று கண்ணைப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது. சுகர் தெரிந்த அன்றைக்கே ஒருமுறை, அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை, கண் விரித்து விழித்திரையைப் பார்த்தாக வேண்டும்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குச்சியின் விலை மாதாமாத ஊசியில் மலிவானதைவிடப் பல மடங்கு. போகவர ஆகும் செலவு, லீவு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் எது கட்டுப்படியாகும் என்று தெரியும். மருத்துவக் காப்பீடு இருப்பவர்கள் கேட்காமல் விடாதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் வெளியிட்ட விதிமுறையில், பாலிசியிலிருந்து விலக்கக் கூடாத நவீன சிகிச்சைகளின் பட்டியலில் கண்ணுக்குள் போடும் ஊசியும் இருக்கிறது. உச்சவரம்பு வைக்கலாம். அட்மிட் ஆகவில்லை என்று சொல்லி என் கிளெய்மை முதலில் மறுத்தார்கள், பட்டியலைச் சுட்டிக்காட்டி எழுதியபின் ஒரு பகுதி கிடைத்தது.

அந்தக் கிளெய்முக்கும் அடுத்த டாக்டருக்கும் தேவைப்பட்ட ஒரே விஷயம், என்ன மருந்து, எந்தக் கண், எந்தத் தேதி என்று எழுதிய சீட்டு. மாதாமாத ஊசிக்காக நான் போன வேறோர் இடத்தில் "கண் ஊசி போடப்பட்டது" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். மதுரை டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, எந்த மருந்து வேலை செய்யவில்லை என்று தெரியாமல் எப்படி அடுத்ததை முடிவு செய்வது என்று கேட்டார். போனில் பலமுறை கேட்டுத்தான் மருந்தின் பெயரை வாங்கினோம். மருந்துப் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைச் சீட்டிலேயே ஒட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், தருவார்கள்.

வலது கண்ணில் மறுபடி குச்சி போட்டாகிவிட்டது. இந்த முறை அழுத்தம் ஏறும் வரை காத்திருக்காமல், டாக்டர் தொடக்கத்திலிருந்தே சொட்டு எழுதிவிட்டார். சோதனை நாளும் வேலை நாளில்தான் விழுகிறது. தலைமையாசிரியரிடம் லீவு லெட்டரை இப்போதே கொடுத்துவிட்டேன்.